கல்லூரிக்கும் கொஞ்சம் கேமுக்கும் ஒரு லேப்டாப்: வாட் கணக்கிலிருந்து தொடங்குவோம்

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் இடம் கிடைத்ததும் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கடைக்குப் போனால் விற்பனையாளர் நான்கு விஷயங்களை ஒப்பிப்பார்: ஐ5 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு. பக்கத்தில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பின் அட்டையிலும் அதே நான்கு வரி. விலையில் மட்டும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், பிராண்டுக்குத்தான் அந்தக் காசு" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. இரண்டிலும் ஒரே கேமை ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் படம் வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்றில் அரை மணி நேரத்தில் திக்கித் திணறும். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் எண் அட்டையில் இல்லாத ஐந்தாவது வரியில் இருக்கிறது. அது வாட்.

புதிதாக லேப்டாப் வாங்குபவர் இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக விளங்கிவிடும். எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

வாட் எதைச் சொல்கிறது

பிராசசரோ கிராஃபிக்ஸ் சிப்போ, எதுவானாலும் மின்சாரத்தை வாங்கித்தான் வேலை செய்கிறது. வாங்கிய மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறிவிடுகிறது. கேம் ஓடும்போது ஒரு லேப்டாப் 140 வாட் எடுக்கிறது என்றால், பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டுக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பெட்டிக்குள் எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டை வெளியேற்ற உள்ளே இரண்டு ஃபேனும் சில செம்புக் குழாய்களும்தான் இருக்கின்றன.

சிப் வேகமாக ஓட வேண்டுமானால் அதிக வாட் வேண்டும். அதிக வாட் கொடுத்தால் அதிகச் சூடு வரும். அதிகச் சூட்டை வெளியேற்றப் பெரிய ஃபேன், கனமான செம்பு, தடிமனான உடல், பெரிய அடாப்டர் எல்லாம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் காசு ஆகும், எடையும் கூடும். அதனால் லேப்டாப் கம்பெனி ஒவ்வொரு மாடலுக்கும் "இந்த சிப்புக்கு இவ்வளவு வாட்தான்" என்று ஒரு வரம்பு போட்டுவிடுகிறது. சிப்பின் பெயர் மாறுவதில்லை. வரம்பு மட்டும் மாடலுக்கு மாடல் மாறுகிறது.

ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாடலில் வந்தாலும் 2560 கோர் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்), 6 ஜிபி நினைவகம். ஆனால் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சிப்பைத் தரும் என்விடியா, லேப்டாப் கம்பெனிகளுக்கு இடம் விட்டிருக்கிறது. மெல்லிய, அழகான மாடலில் அது 45 வாட்டில் ஓடலாம்; தடிமனான கேமிங் மாடலில் 95 வாட்டுக்கு மேல் ஓடலாம். முதலாவதில் சிப் தன் முழு வேகத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 4 ஜிபி மாடலுக்கும் இதே கதைதான். அதன் இடைவெளி 35 முதல் 80 வாட். முன்பெல்லாம் குறைந்த வாட் மாடல்களின் பெயரோடு மேக்ஸ்-க்யூ என்ற ஒட்டு இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்த ஒட்டு பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது வாங்குபவர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது எங்கே? கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில் கிராஃபிக்ஸ் என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் டிஜிபி அல்லது "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்" என்று போட்டிருப்பார்கள். ஆன்லைன் கடைகளின் பக்கத்தில் இது பெரும்பாலும் இருக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். "75 வாட்" என்று போட்டிருந்தால் அதற்குள் டைனமிக் பூஸ்ட் எனப்படும் 10, 15 வாட் சேர்ந்தே இருக்கலாம். பிராசசருக்கு வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் அதன் பங்கைக் கடன் வாங்கிக் கார்டுக்குக் கொடுப்பதுதான் இந்த பூஸ்ட். எனவே நிலையாகக் கிடைப்பது 60 வாட்டாகவே இருக்கலாம்.

விவரப் பட்டியலில் வாட் இல்லாவிட்டால் அடாப்டரைப் பாருங்கள். அதன் அடியில் அவுட்புட் என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் 120 வாட். 20 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 200 வாட். இனி கழித்துப் பாருங்கள்: திரை, ஃபேன், எஸ்எஸ்டி, ரேம், யுஎஸ்பி எல்லாம் சேர்த்து 15 முதல் 20 வாட், கேம் ஓடும்போது பிராசசருக்கு 35 முதல் 45 வாட். 120 வாட் அடாப்டரில் கார்டுக்கு மிஞ்சுவது அறுபது சொச்சம். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த லேப்டாப்பில் கார்டு 95 வாட்டில் நிலையாக ஓட வழியில்லை. 180, 200, 230 வாட் அடாப்டரோடு வரும் மாடலுக்குத்தான் அந்த வசதி உண்டு.

பிராசசருக்கும் இதே கணக்கு

இன்டெல் ஐ5-1235யு, ஐ5-12450எச் இரண்டும் ஐ5-தான், இரண்டும் 12-ஆம் தலைமுறைதான். முதலாவதில் 10 கோர், இரண்டாவதில் 8 கோர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாவது பெரியது போலத் தெரியும். ஆனால் முதலாவதன் பத்தில் இரண்டுதான் வேகமான கோர், மீதி எட்டும் சிக்கனக் கோர். அடிப்படை வாட் 15. இரண்டாவதில் நான்கு வேகமான கோர், நான்கு சிக்கனக் கோர். அடிப்படை வாட் 45. நீண்ட நேரம் ஓடும் வேலைக்கு, அதாவது புரோகிராம் கம்பைல் செய்வது, வீடியோ எடிட்டிங், கேம் போன்றவற்றுக்கு, இரண்டாவது நன்றாகத் தாங்கும். நோட்ஸ் எடுப்பது, பிடிஎஃப் படிப்பது, நாற்பது பக்க அசைன்மென்ட் தட்டுவது போன்றவற்றுக்கு முதலாவதே தாராளம். பேட்டரியும் கூடுதலாக நிற்கும். கடைசி எழுத்து யு என்றால் சிக்கனம், எச் அல்லது எச்எஸ் என்றால் வேகம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் வேறொரு கண்ணி இருக்கிறது. 2023-இல் வந்த ரைசன் 7000 லேப்டாப் வரிசையில் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டை மட்டும் குறிக்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு பழையது என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்கிறது. ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. உள்ளே இருப்பது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கே கோர். ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3. ரைசன் 5 7640எச்எஸ் என்றால் ஜென் 4. மூன்றின் பெட்டியிலும் "ரைசன் 5, 7000 சீரீஸ்" என்றே இருக்கும். 7520யு-வில் உள்ள ரேடியான் 610எம் கிராஃபிக்ஸில் இரண்டே கிராஃபிக்ஸ் யூனிட். படம் பார்க்கலாம், கேமுக்கு ஆகாது. விழாக்கால ஆஃபரில் அதிகம் கண்ணில் படுவது இத்தகைய மாடல்தான் என்பதால் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

தனி கார்டு கட்டாயமா

"லேசான கேம்" என்று மாணவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பவை வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், டோட்டா 2, கொஞ்சம் ஜிடிஏ 5. இவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே சமாளிக்கலாம், பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் நல்லதாக இருந்தால். ரைசன் 7 7840எச்எஸ், 8840எச்எஸ் போன்றவற்றில் உள்ள ரேடியான் 780எம்-இல் 12 கிராஃபிக்ஸ் யூனிட் உண்டு. இன்டெல் கோர் அல்ட்ரா 5 125எச்-இல் ஆர்க் கிராஃபிக்ஸ் வருகிறது. இவை 1080பி (1920 x 1080 புள்ளி) திரையில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் மேலே சொன்ன கேம்களை ஆடும்படி ஓட்டும்.

ஆனால் இந்த உள் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமில்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போய் வரும். இரண்டு ஸ்டிக்காக இருந்தால் இரண்டு வழி திறக்கும், 51.2 ஜிபி. இதுதான் டூயல் சேனல். ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்டிஎக்ஸ் 4050-இன் சொந்த நினைவகம் நொடிக்கு 192 ஜிபி தருகிறது. உள் கிராஃபிக்ஸ் ஏற்கெனவே தாகத்தில் இருக்கிறது. அதற்குப் பாதிக் குழாயை அடைத்துவிட்டால் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, பெருமளவு சரியும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஒரே ஸ்டிக் மட்டும் இருந்தால் விண்டோஸ் அதை ஐரிஸ் என்றே காட்டாது, வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டும். கோர் அல்ட்ராவில் ஆர்க் என்ற பெயர் வருவதற்கும் டூயல் சேனலில் 16 ஜிபி வேண்டும்.

எனவே 8 ஜிபி ஸ்டிக் ஒன்றோடு வரும் லேப்டாப்பில் இன்னொரு 8 ஜிபி போடுவது இரண்டு நோயை ஒரே மருந்தில் தீர்க்கிறது: அளவு 16 ஆகிறது, வழியும் இரண்டாகிறது. இதைச் செய்வதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா? மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்5 என்றோ ஆன்போர்டு என்றோ இருந்தால் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிட வேண்டும். அடுத்து, உள்ளே இருப்பது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ? ஸ்டிக்கின் விளிம்பில் உள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. மூன்றாவது, அடிமூடியைத் திறந்தால் வாரண்டி என்னவாகும் என்று அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ரேம் சேர்ப்பதைப் பல பிராண்டுகள் அனுமதிக்கின்றன, ஆனால் வாய்வார்த்தை பின்னால் உதவாது. விலையையும் பார்க்க வேண்டும். 2025 இறுதியில் ரேம் சிப் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. "8 வாங்கு, பிறகு மலிவாக 8 சேர்த்துக்கொள்" என்ற பழைய அறிவுரை இப்போது எல்லா நேரமும் லாபம் தராது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஸ்டிக் விலையை விசாரித்து, 16 ஜிபியோடு வரும் மாடலின் கூடுதல் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

8 ஜிபியோடே நான்கு வருடம் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் 11 மட்டும் மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொள்கிறது. உள் கிராஃபிக்ஸ் தன் பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. மிச்சத்தில் குரோம் பத்து டேப், ஒரு வீடியோ கால், புரோகிராம் எழுதும் ஐடிஇ மென்பொருள் ஒன்று. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு (லேப்டாப்பிலேயே ஓடும் போலி ஃபோன்) ஓட்டக் கூகுளே 16 ஜிபி கேட்கிறது. 16-க்குக் கீழே போக வேண்டாம்.

டே ஸ்காலரா, ஹாஸ்டலரா

படிப்பு எது என்பதைவிட இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. 95 வாட் கார்டு உள்ள 15.6 அங்குல கேமிங் லேப்டாப் சுமார் 2.3 கிலோ. அதன் 200 வாட் அடாப்டர் அரைக் கிலோவுக்கு மேல். பையில் ஏறக்குறைய மூன்று கிலோ, அதோடு புத்தகம், சாப்பாடு, தண்ணீர். காலை எட்டு மணிப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவருக்கு இது முதல் மாதத்திலேயே தோள்வலி. இரண்டாம் மாதத்திலிருந்து லேப்டாப் வீட்டிலேயே இருக்கும். வகுப்பில் இல்லாத லேப்டாப் படிப்புக்கு வாங்கியதாகாது. டே ஸ்காலருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள், 780எம் அல்லது ஆர்க் போன்ற நல்ல உள் கிராஃபிக்ஸ், 16 ஜிபி ரேம், யுஎஸ்பி-சி வழியே 65 வாட்டில் சார்ஜ் ஆகும் மாடல் பொருத்தம். ஹாஸ்டலில் மேசையில் வைத்தே பயன்படுத்துபவர், எப்போதாவது லேபுக்கு எடுத்துப் போகிறவர், தடிமனான கேமிங் மாடலை யோசிக்கலாம்.

பேட்டரியையும் வாட் கணக்கிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் இருக்கும். 50 வாட்-மணி பேட்டரி, நோட்ஸ் எடுக்கும்போது லேப்டாப் 10 வாட் எடுத்தால், ஐந்து மணி நேரம். தனி கார்டு தூங்காமல் விழித்தே இருந்தால் இன்னொரு 8, 10 வாட் போய்விடும். ஐந்து மணி நேரம் இரண்டரை ஆகும். கார்டு தேவையில்லாமல் விழித்திருப்பதற்கு வழக்கமான காரணம் பின்னணியில் ஓடும் கேம் லாஞ்சரோ, கார்டின் வழியே இணைத்திருக்கும் வெளி மானிட்டரோதான். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரையை பேட்டரியில் இருக்கும்போது 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றினாலும் கொஞ்சம் மிச்சமாகும்.

பேட்டரியில் கேம் ஆட முடியாதா என்றால், ஓடும், ஆனால் பாதி வேகத்தில்கூட ஓடாமல் போகலாம். 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து 150 வாட் இழுத்தால் இருபது நிமிடத்தில் காலி. அவ்வளவு மின்சாரத்தை அந்தச் செல்கள் பாதுகாப்பாகத் தரவும் முடியாது. அதனால் சார்ஜரைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகவே கார்டின் வாட்டைப் பெரிதாகக் குறைத்துவிடுகிறது. "புதுசிலேயே ஸ்லோ" என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகும் முன் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் வெயில்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நமக்கோ இதுதான் முக்கியம். லேப்டாப் ரிவியூக்களில் பெரும்பாலானவை 22, 25 டிகிரி அறையில் எடுக்கப்படுகின்றன. மே மாதம் மதுரையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத ஹாஸ்டல் அறை பிற்பகலில் 37 டிகிரியைத் தொடும்.

ஃபேனும் செம்பும் எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்பது சிப்புக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. பிராசசர் 95 டிகிரியில் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 25 டிகிரி அறையில் வித்தியாசம் 70. 37 டிகிரி அறையில் 58. அதாவது அதே ஃபேன், அதே செம்பு, ஆனால் வெளியேற்றும் திறனில் சுமார் 17 விழுக்காடு குறைவு. ரிவியூவில் 140 வாட்டைத் தாங்கிய லேப்டாப் நம் அறையில் 116 வாட்டில் மூச்சு வாங்கத் தொடங்கும். கேம் முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு விட்டுவிட்டுத் திக்குவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இதற்கு வாங்கும்போது செய்யக்கூடியது: இரண்டு ஃபேன் உள்ள, பின்புறமும் பக்கவாட்டிலும் காற்றுத் துவாரம் உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பது. மிக மெல்லிய உடலில் அடுத்த படியான ஆர்டிஎக்ஸ் 4060 போட்ட மாடலைவிடத் தடிமனான உடலில் 4050 போட்ட மாடல் நம் வெயிலுக்கு நல்ல தேர்வு.

வாங்கிய பிறகு செய்யக்கூடியவை இன்னும் பல, எல்லாம் செலவில்லாதவை. காற்று அடிப்பக்கம் வழியாக உள்ளே போய்ப் பின்பக்கம் வெளியேறுகிறது. மெத்தை, தலையணை, மடி இவற்றின் மேல் வைத்தால் அடித்துவாரம் மூடிவிடும். மேசையில்தான் வைக்க வேண்டும். பின்விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால், இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமன் புத்தகம் கொடுத்தாலே போதும், வெப்பநிலை சில டிகிரி இறங்கும். அடுத்து, ஃப்ரேமுக்கு வரம்பு போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 140 தயாரித்தால் மிச்ச 80 வெறும் சூடு. கேமின் அமைப்பிலோ என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்பதைத் திரையின் ஹெர்ட்ஸ் அளவுக்கு வைத்தால் ஃபேன் சத்தமே குறையும். ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஃபேனில் படிந்த தூசியை எடுக்க வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் பிராண்டின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும்.

திரையும் எஸ்எஸ்டியும், சுருக்கமாக

விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் கம்பெனி காசை மிச்சம் பிடிக்கும் முதல் இடம் திரை. 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் சிறிதாக 45% என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு), 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருப்பார்கள். 45% என்டிஎஸ்சி என்றால் சிவப்பு செங்கல் நிறமாகவும், தோல் நிறம் வெளிறியும் தெரியும். ஆர்க்கிடெக்சர், விஸ்காம், டிசைன் படிப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். 72% என்டிஎஸ்சி அல்லது 100% எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதை எடுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையாமல் இருந்தால் வகுப்பு ஜன்னல் ஓரத்திலும் படிக்க முடியும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி என்பதை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. ஜிடிஏ 5 மட்டும் 100 ஜிபிக்கு மேல் கேட்கும். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களின் விவாடோ போன்ற சிப் வடிவமைப்பு மென்பொருளும் சளைத்ததல்ல. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இன்னொன்று காலியாக இருக்கும் மாடல் என்றால் 512-ஓடு தொடங்கலாம். அந்த ஸ்லாட் 80 மில்லிமீட்டர் நீளமுள்ள 2280 வகையா, 42 மில்லிமீட்டர் உள்ள 2242 வகையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

துறை வாரியாகக் கொஞ்சம்

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர்: சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டும் விண்டோஸில்தான் ஓடும், தனி கார்டு உண்மையிலேயே உதவும். கம்ப்யூட்டர் சயின்ஸ்: எச் வகைப் பிராசசரும் ரேமும்தான் முக்கியம். மெஷின் லேர்னிங்குக்காக என்று 4050 வாங்குபவர்கள் அதன் 6 ஜிபி நினைவகத்தில் சிறிய மாடல்களை மட்டுமே பயிற்றுவிக்க முடியும் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். பாடத்திட்ட அளவுக்கு, கூகுளின் கணினியில் இணையம் வழியே புரோகிராம் ஓட்டும் கூகுள் கோலாப் இலவசமாகவே போதும். காமர்ஸ், கலைப் பாடங்கள், சட்டம்: யு வகைப் பிராசசர், 16 ஜிபி, நல்ல திரை, லேசான எடை. மிச்சப் பணத்தை வாரண்டியில் போடுங்கள்.

மேக்புக் ஏர் இந்தக் கடைசி வகையினருக்கு அருமையான பொருள். அதில் ஃபேனே இல்லை, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். ஆனால் வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டுமே மேக்கில் கிடையாது. பழைய லேப்டாப் வாங்குபவர்கள் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசசர்களை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்த நாள்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள். அடியில் உள்ள சீரியல் நம்பர், பெட்டியின் நம்பர், பில்லின் நம்பர் மூன்றும் ஒன்றா என்று பார்த்து, பிராண்டின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி என்றிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பழைய தேதி இருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். தவறி விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடு செய்யும் ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டத்தைப் பல பிராண்டுகளில் லேப்டாப் வாங்கிய குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டுமே சேர்க்க முடியும். ஹாஸ்டலருக்கு அது மதிப்புள்ள செலவு. உங்கள் மாவட்டத்தில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இல்லையென்றால் ஆன்சைட் வாரண்டி (ஆள் நம் இடத்துக்கே வந்து பழுது பார்ப்பது) தருகிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டும் கார்டின் டிரைவரும் முடிந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்ற வரி இருக்கும். 1 ஆஃப் 2 என்றால் ஒரே ஸ்டிக்; உள் கிராஃபிக்ஸை நம்பி வாங்கியவர் உடனே இன்னொன்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தனி கார்டு இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஹெல்ப், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போங்கள். அங்கே மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் எவ்வளவு வாட் என்று எழுதியிருக்கும். விவரப் பட்டியலில் சொன்ன எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பிறகு சார்ஜரைச் செருகி, பிராண்டின் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் மோடு வைத்து, நீங்கள் ஆடப்போகும் கேமையே நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். முதல் ஐந்தாம் நிமிடத்தில் ஃப்ரேம் எண்ணிக்கை எவ்வளவு, முப்பதாம் நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து விழுக்காடு இறங்கினால் இயல்பு. மூன்றில் ஒரு பங்கு இறங்கினாலோ, கேமை மூடிய பிறகும் பிராசசர் நெடுநேரம் 90 டிகிரிக்கு மேலேயே நின்றாலோ, சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அந்த எண்களைப் படம் பிடித்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்கு எழுதுங்கள். பல ஆன்லைன் கடைகளில் அந்தக் கெடு ஏழு நாள்தான், லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுப்பது மட்டுமே, பணம் திரும்ப வராது. சோதனையை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.